ஒரே இயக்குநர், நான்கு தடைகள்: எந்தக் கொரியத் தொடரை முதலில் பார்ப்பது?

கொரியத் தொடரில் காதலுக்குத் தடை என்றதும் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். பெரிய வீட்டு அம்மா ஏழைப் பெண்ணை ஒரு காபி கடைக்கு வரச் சொல்வார். பணம் வைத்த கவரை மேஜைமேல் தள்ளுவார். பெண் அதைத் தொடவில்லை என்றால் டம்ளர் தண்ணீர் அவள் முகத்தில் வந்து விழும். எத்தனையோ தொடர்களில் வந்துவிட்ட காட்சி. அழ வைக்கும், அடுத்த எபிசோடையும் போட வைக்கும். ஆனால் அங்கே தடை என்பது அந்த அம்மாவின் குணம் மட்டும்தான். அவர் மனம் இளகினாலோ, அவருக்கு ஒரு நோய் வந்தாலோ எல்லாம் சரியாகிவிடும். சமூகம் என்ற ஒன்று அந்தக் கதைக்குத் தேவைப்படுவதே இல்லை.

இயக்குநர் அன் பான்-சோக் இந்த வழியில் போகாதவர். அவருடைய தொடர்களில் காதலுக்குக் குறுக்கே நிற்பவர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதர்கள். அந்தத் தடையால் அவர்களுக்கு ஏதோ ஒன்று மிஞ்சுகிறது, அவ்வளவுதான். ஒருவருக்குப் பதவி, ஒருவருக்கு ஓய்வுபெற்ற பிறகான மரியாதை, இன்னொருவருக்குச் சிறைக்குப் போகாமல் தப்பும் வாய்ப்பு. 2014-ல் ‘சீக்ரெட் அஃபேர்’, 2015-ல் ‘ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’, 2018-ல் ‘சம்திங் இன் த ரெயின்’, 2019-ல் ‘ஒன் ஸ்பிரிங் நைட்’ என்று நான்கு தொடர்களில் இதையே நான்கு விதமாக எடுத்துக் காட்டினார். முதல் இரண்டையும் எழுதியவர் ஜங் சங்-ஜூ, பின்னவை இரண்டும் கிம் உன் எழுதியவை. நான்கையும் கூட்டினால் 78 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வேலை முடிந்து வந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிறவர்களுக்கு அது மாதக்கணக்கான வேலை. எதில் தொடங்குவது என்ற கேள்வி நியாயமானதுதான்.

எந்தத் தொடர் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நான் ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். இந்தக் கதையிலிருந்து காதலை உருவிவிட்டால் சமூக விமர்சனம் நிற்குமா? விமர்சனத்தை உருவிவிட்டால் காதல் நிற்குமா? இரண்டில் ஒன்று தனியாக நின்றுவிடும் என்றால், மற்றது அங்கே அலங்காரத்துக்கு வந்தது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து சரிந்தால்தான் அது ஒரே கதை.

தொடர்களுக்குள் போகுமுன் ஒரு பின்னணி. ‘வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்’ என்பது கொரியாவில் வெறும் பாசப் போராட்டமாக இருந்ததில்லை. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்டவர்கள் திருமணம் செய்யக்கூடாது என்ற சட்டப்பிரிவு 1997 வரை அமலில் இருந்தது. அந்த ஆண்டில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. குடும்பத் தலைவர் என்று ஆணைப் பதிவுசெய்து, மற்ற எல்லோரையும் அவருக்குக் கீழே எழுதும் முறை 2008 ஜனவரியில்தான் ஒழிந்தது. திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது 2015 பிப்ரவரி 26 வரை குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை. அதாவது நான்கில் முதலில் வந்த ‘சீக்ரெட் அஃபேர்’ ஒளிபரப்பானபோது அந்தக் காதல் சட்டப்படியும் குற்றம்தான்.

பெரும்பாலானவர்கள் அன் பான்-சோக்கிடம் வந்து சேர்வது ‘சம்திங் இன் த ரெயின்’ வழியாக. சன் யே-ஜின், ஜங் ஹே-இன் ஜோடி, மழை, சிவப்புக் குடை என்று அந்தத் தொடரின் படங்கள் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும். யூன் ஜின்-ஆவுக்கு 35 வயது. ஒரு காபி நிறுவனத்தில் கிளைகளை மேற்பார்வை பார்க்கும் வேலை. அவளுடைய நெருங்கிய தோழியின் தம்பி சோ ஜுன்-ஹீ வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறான். சின்ன வயதிலிருந்து பார்த்த பையன். இருவரும் காதலிக்கிறார்கள். சில வயது வித்தியாசம், தோழியின் தம்பி. இதில் என்ன பெரிய தடை என்று தோன்றும்.

தடை ஜின்-ஆவின் அம்மாவிடமிருந்து வருகிறது. ஜுன்-ஹீயும் அவன் அக்காவும் தாயை இழந்தவர்கள். தகப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளர்த்ததே ஜின்-ஆவின் வீடுதான். அம்மா அவனைத் தன் பிள்ளை மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதே அம்மா, மருமகன் என்று வந்தவுடன் அவன் பின்னணியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். பரிதாபப்பட்டுச் சோறு போடலாம், சம்பந்தம் பண்ணக்கூடாது. வர்க்கம் என்ற சொல்லை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் அதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இடங்கள் தொலைக்காட்சியில் குறைவு. அந்த அம்மாவாக நடித்த கில் ஹே-யோனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

ஆனாலும் இந்தத் தொடரில் காதலைவிட ஆபீஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனி விருந்து என்று மாதத்துக்குப் பல நாள் மேலதிகாரிகளோடு உட்கார வேண்டும். பெண்கள்தான் இறைச்சியைச் சுட்டு வெட்டி வைக்க வேண்டும், சோஜு என்ற மதுவை ஊற்ற வேண்டும், பிறகு கரோக்கி பாட்டு அறைக்குப் போனால் ஆடவும் வேண்டும். ஜின்-ஆ எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ஒத்துழைப்பவள். பாட்டு அறையில் தம்புரினைக் குலுக்கி மேலதிகாரிகளைக் குஷிப்படுத்துவதால் ‘யூன் தம்புரின்’ என்றே பட்டப்பெயர். அவள் தம்புரினைக் குலுக்கும்போது சன் யே-ஜினின் முகத்தைக் கவனியுங்கள். வாய் சிரிக்கும், கண்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவன் தன்னை மதித்து நேசிக்கிறான் என்று தெரிந்த பிறகு, ஒரு நாள் அவள் இறைச்சி சுடும் இடுக்கியைக் கையில் எடுக்க மாட்டாள். காதல் அவளுக்குக் கொடுத்தது அதுதான்: தன்னை இப்படி நடத்த யாருக்கும் உரிமையில்லை என்ற தெளிவு.

இது வந்த நேரமும் முக்கியம். 2018 ஜனவரி கடைசியில் அரசு வழக்கறிஞர் சோ ஜி-ஹியோன் ஜேடிபிசி தொலைக்காட்சிச் செய்தியில் நேரடியாக வந்து, தன் மேலதிகாரி தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னார். கொரியாவின் மீடூ அலை அதிலிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. இரண்டு மாதம் கழித்து அதே சேனலில் இந்தத் தொடர். புகார் கொடுத்த பெண்ணையே கம்பெனி எப்படித் தனிமைப்படுத்தும், தலைநகர் சியோலை விட்டுத் தள்ளி பாஜூவில் இருக்கும் கிடங்குப் பக்கம் எப்படித் தூக்கிப் போடும் என்பதை அவசரப்படாமல் காட்டுகிறது.

குறை? இருக்கிறது, பெரிய குறை. பாதிக்கு மேல் காதல் கதையும் ஆபீஸ் கதையும் தனித்தனியாக ஓடத் தொடங்குகின்றன. அம்மாவின் கோபம், சமாதானம், மறுபடி கோபம் என்று ஒரே இடத்தில் சுற்றும். ஆபீஸில் அவ்வளவு உறுதியாக நிற்கும் ஜின்-ஆ, வீட்டில் ஏன் இவ்வளவு தயங்குகிறாள் என்று பலர் எரிச்சல்பட்டார்கள். உண்மையில் இப்படிப்பட்ட பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்; அந்தத் தயக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, அதையே ஆறு எபிசோட் பார்ப்பது வேறு. பின்னணியில் திரும்பத் திரும்ப வரும் அதே சில ஆங்கிலப் பாடல்களும் பொறுமையைச் சோதிக்கும். என் அளவுகோலில் வைத்தால், இந்தத் தொடரின் விமர்சனம் காதல் இல்லாமலும் நிற்கும். அது ஆபீஸ் பகுதியின் பலம், மொத்தத் தொடரின் பலவீனம்.

அடுத்த ஆண்டே அதே எழுத்தாளர், அதே கதாநாயகன் ஜங் ஹே-இன், ‘ஒன் ஸ்பிரிங் நைட்’. முந்தைய தொடரில் சிக்கிய இடங்களைச் சரிசெய்து எடுத்ததுபோல் இருக்கும். நூலகத்தில் வேலை செய்யும் லீ ஜங்-இன், முந்தின இரவு குடித்த மயக்கம் தெளிய மருந்து வாங்க மருந்துக்கடைக்கு வருகிறாள். மருந்தைக் குடித்த பிறகுதான் பர்ஸ் இல்லை என்று தெரிகிறது. மருந்தாளுநர் யூ ஜி-ஹோ அப்புறம் தந்தால் போதும் என்கிறான். அவளுக்குப் பல வருடமாக ஒரு காதலன் உண்டு, வங்கி அதிகாரி, வசதியான குடும்பம். ஜி-ஹோவுக்கு ஒரு பையன் உண்டு. குழந்தையின் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டாள், கல்யாணம் ஆகவில்லை. சலவைக் கடை நடத்தும் தாத்தா பாட்டியிடம் வளர்கிறது பிள்ளை.

கல்யாணம் ஆகாமல் பிள்ளையை வளர்க்கும் அப்பா என்பது கொரியாவில் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று தெரிந்தால் இந்தக் கதையின் கனம் புரியும். அப்படிப்பட்ட அப்பா தன் குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்வதே 2015-ல் சட்டத்தைத் திருத்தும் வரை படாத பாடு. ஜி-ஹோ வெளியே மரியாதையான வேலையில் இருப்பவன், பொறுமையானவன். ஆனால் தனக்குப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதற்காகக் காத்திருப்பான். அவன் ஜங்-இன்னிடம் அதைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறான். ஒளித்துவைத்து எட்டு எபிசோட் கழித்து வெடிக்கவைக்கும் வழக்கமான உத்தி இங்கே இல்லை. அந்த நேர்மைக்காகவே இந்தத் தொடரை எனக்குப் பிடிக்கும்.

இங்கேயும் தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜங்-இன்னின் அப்பா ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர், ஓய்வு பெறும் வயது. காதலனின் அப்பா அந்தப் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைத் தலைவர். மகளின் கல்யாணம் நடந்தால் அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிறகும் ஓர் இடம் கிடைக்கலாம். அப்பா மகளை வற்புறுத்தும்போது ‘உன் நன்மைக்குத்தான்’ என்பார். அதை அவர் நம்பிக்கொண்டும் இருப்பார் என்பதுதான் பயங்கரம். மூத்த மகள் தொலைக்காட்சி அறிவிப்பாளர், மாப்பிள்ளை பல் டாக்டர். ஊருக்குப் பெருமையான சம்பந்தம். அந்த வீட்டுக்குள் அவள் அடி வாங்குகிறாள். ‘நல்ல இடம்’ என்று வெளியே சொல்லப்படுவதன் உள்பக்கத்தைத் தங்கையின் கதைக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டுவதால், ஜங்-இன் எதிலிருந்து தப்பிக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது கில் ஹே-யோன். முந்தைய தொடரில் மகளின் காதலை முறித்துப்போட்ட அதே நடிகை, இதில் மூன்று மகள்களின் அம்மா. இந்த அம்மா மகள்கள் பக்கம் நிற்கிறார். மூத்தவள் அடி வாங்குவது தெரிந்ததும் கணவரின் கௌரவத்தைப் பற்றி அவர் யோசிப்பதில்லை. இரண்டு தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பதில் மாதிரி இருக்கும்.

வேகம் மெதுவானதுதான். நடப்பார்கள், பேசுவார்கள், புத்தகங்களுக்கு நடுவே நிற்பார்கள். பெரிய அதிர்ச்சி எதுவும் கிடையாது. அம்மா அப்பாவோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நடுவில் ரிமோட்டைத் தேடக்கூடாது என்றால் நான்கில் இதுதான் சரி. இந்த இரண்டு தொடர்களும் நெட்ஃப்ளிக்ஸ் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன, அதனால் கண்டுபிடிப்பதும் சுலபம்.

ஆனால் என்னிடம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ‘சீக்ரெட் அஃபேர்’. மற்ற மூன்றையும்விடப் பழையது, இருட்டானது, சங்கடமானது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓ ஹே-வோனுக்கு 40 வயது. சோஹான் என்ற பெரும் பணக்காரக் குடும்பத்தின் கலை அறக்கட்டளையில் திட்டமிடல் பொறுப்பாளர். ஒரு காலத்தில் பியானோ வாசித்தவள், கையில் வந்த நோவால் விட்டவள். அழகான வீடு, இசைப் பேராசிரியரான கணவன், எல்லோரும் மதிக்கும் பதவி. அந்தப் பதவியின் உண்மையான வேலை என்ன என்று முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும். குடும்பத் தலைவரின் இரண்டாவது மனைவி, தன் மூத்தாள் மகளின் தலையைக் கழிப்பறைத் தொட்டிக்குள் அமுக்குகிறார். இப்படிப்பட்டவை வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதும், இந்த மூன்று பேருக்கும் மாறி மாறி ரகசியம் காப்பதும், கணக்கில் வராத பணத்தை இடம் மாற்றுவதும், இசைக் கல்லூரியில் யாருக்கு இடம் என்று முன்பே முடிவான தேர்வை நியாயமான தேர்வு மாதிரி நடத்திக் காட்டுவதும் அவள் வேலை. அந்த மகள் அவளுடைய பள்ளித் தோழி. தோழியிடமே சம்பளம் வாங்கி, தோழியின் கோபத்தையும் முகத்தில் வாங்கிக்கொள்கிறாள். கிம் ஹீ-ஏ இந்தப் பாத்திரத்தில் தோளைத் தளர விடுவதே இல்லை. தனியாக இருக்கும்போதுகூட யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

லீ சன்-ஜேவுக்கு 20 வயது. பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. யாரும் சொல்லித்தராமல் பியானோ வாசிப்பவன். யூ ஆ-இன் நடித்த பாத்திரம். ஹே-வோன் அவன் வாசிப்பதைக் கேட்க வீட்டுக்கு வரச் சொல்கிறாள். கடைசியில் இருவரும் சேர்ந்து வாசிப்பது ஷூபெர்ட்டின் எஃப் மைனர் ஃபேன்டஸி, நான்கு கைகளுக்கு எழுதப்பட்டது. ஒரே பியானோவின் முன் இரண்டு பேர் ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் கை மற்றவர் கைக்கு வெகு அருகே வந்து விலகும், மூச்சு ஒரே நேரத்தில் விழ வேண்டும். கேமரா விரல்களையும் முகங்களையும் தவிர வேறெங்கும் போவதில்லை. உடம்பைத் தொடாமல் இவ்வளவு நெருக்கத்தைக் காட்டிய காட்சியை நான் வேறு தொடரில் பார்த்ததில்லை. வாசித்து முடித்ததும் அவள் அவன் கன்னத்தைக் கிள்ளுகிறாள், பாராட்டு என்கிறாள். கொரியாவில் அந்தக் கிள்ளல் தனிப் புகழ் பெற்றது. ஷூபெர்ட் அந்த இசையை 1828-ல், தான் இறந்த ஆண்டில் எழுதி, தன்னிடம் பியானோ கற்ற கரோலின் எஸ்தர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்ணுக்குக் காணிக்கையாக்கினார். அவளை அவர் எட்ட முடியாமல் நேசித்தார் என்பது அவரோடு பழகியவர்கள் சொல்லி வந்த சேதி. மேல்தட்டும் கீழ்த்தட்டும், ஆசிரியரும் மாணவரும் இங்கே இடம் மாறியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சின்னக் காட்சி. அவள் முதல் தடவை அவன் குடியிருக்கும் ஒண்டு அறைக்கு வருகிறாள். அவனுக்குப் பதற்றம். துணியை எடுத்துத் தரையை வேகவேகமாகத் துடைக்கிறான், அவள் உட்காரச் சுத்தமான ஓர் இடம் வேண்டும் என்று. அவ்வளவுதான் காட்சி. பார்க்கும்போது சும்மா கடந்துபோகும். கடைசி எபிசோடில் ஹே-வோன் அதைப் பற்றிப் பேசும் இடம் வரும்போதுதான், தன் வாழ்நாளில் யாரும் அவளுக்காகக் குனிந்ததில்லை, அவளே தன்னை ஒரு கருவியாக மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறாள் என்பது உறைக்கும். எல்லோருக்கும் துடைத்துக் கொடுத்தே உயரம் ஏறிய ஒருத்திக்கு, ஒருவன் தரை துடைத்தான். காதலும் விமர்சனமும் ஒரே துணியில் இருக்கின்றன.

தடை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கணவனுக்கு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. ஆனால் சன்-ஜே அவனுடைய மாணவன். இந்த மேதையை உருவாக்கியவர் என்ற பெயர் அவனுக்கு வேண்டும். அதனால் தெரியாததுபோல் இருக்கிறான். சோஹான் குடும்பத்துக்கும் ஒழுக்கம் பற்றிக் கவலை ஏதும் இல்லை. அவர்களுக்கு விசாரணை நெருங்கும்போது, பழியை யார் தலையில் கட்டலாம் என்று தேடும்போதுதான் அந்த உறவு திடீரென்று ‘அசிங்கம்’ ஆகிறது. அன்றைய கள்ள உறவுச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட கணவனோ மனைவியோ புகார் கொடுத்தால்தான் வழக்கே வரும். எப்போது கொடுப்பது, கொடுக்காமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்ற பேரத்துக்கு அதில் இடம் இருந்தது. ஒழுக்கம் ஓர் ஆயுதமாக அலமாரியில் இருக்கும், தேவைப்படும்போது எடுக்கப்படும் என்பதை இவ்வளவு தெளிவாக இந்தத் தொடர் காட்டுகிறது.

இன்னொரு சேதி. இந்தத் தொடரில் தகுதியில்லாமல் இசைக் கல்லூரியில் இடம் வாங்கும் ஒரு மாணவி வருகிறாள், பெயர் ஜங் யூ-ரா. அவள் அம்மா குறி சொல்பவர், பணக்காரர்களின் பணத்தையும் கையாளுபவர். நடித்தவர் அதே கில் ஹே-யோன். இரண்டரை ஆண்டு கழித்து, 2016-ல், அதிபர் பார்க் குன்-ஹேயின் நெருங்கிய தோழி சோய் சூன்-சில்லின் மகள் முறைகேடாகப் பல்கலைக்கழக இடம் பெற்றது வெளியே வந்தது. அந்த மகளின் பெயரும் ஜங் யூ-ரா. கொரியாவே மறுபடி இந்தத் தொடரை எடுத்துப் பார்த்தது. சோய் சூன்-சில்லின் டேப்லெட் கணினியிலிருந்த ஆவணங்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டு, அதிபரின் பதவி நீக்கம் வரை போன அலையைக் கிளப்பியதும் இந்தத் தொடரை ஒளிபரப்பிய அதே ஜேடிபிசிதான். பெயர் ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். கல்லூரி இடம் எப்படி விற்கப்படும், யார் மூலம் விற்கப்படும் என்பதை எழுத்தாளர் சரியாகக் கணித்தது அவர் சமூகத்தைப் பார்த்த பார்வையால்.

சங்கடம் என்றேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். 40 வயது, 20 வயது, ஒருவர் மற்றவரின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவர். ஆண்–பெண் இடம் மாறியிருந்தால் நாம் இதே பரிவோடு பார்ப்போமா என்ற கேள்வி எழும், எழத்தான் வேண்டும். தொடர் அதை மறைக்கவில்லை. அந்த அதிகாரத்தைப் பற்றி ஹே-வோனுக்கே பயம் உண்டு. அவள் குற்றங்களையும் அது மன்னித்து விடுவதில்லை. காதலித்தாள் என்பதற்காக அவள் செய்த மோசடிகள் துடைத்தெறியப்படுவதில்லை. இந்த உறவே ஒத்துக்கொள்ள முடியாதது என்று நினைப்பவர்கள் வலிந்து பார்க்க வேண்டாம், வேறு மூன்று இருக்கின்றன.

‘ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ 30 எபிசோட். நீளம்தான் பலரை ஓட வைக்கிறது. சியோலின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றை நடத்தும் குடும்பத்துப் பையன், சாதாரண வீட்டுப் பெண் சோ போமைக் கர்ப்பமாக்கிவிடுகிறான். இருவரும் பள்ளி மாணவர்கள். அவளை வீட்டுக்கு அழைத்து வரும் இரவிலேயே பிரசவ வலி எடுத்து, அந்த மாளிகையிலேயே குழந்தை பிறக்கிறது. இதைச் சிரிப்பாக எடுத்திருக்கிறார்கள், அதுவும் கசப்பான சிரிப்பு. குரலை உயர்த்துவதே நாகரிகமில்லை என்று நினைக்கும் மாமனார், மாமியார் பதற்றத்தில் நடந்துகொள்ளும் விதமும், மாமனாருக்குத் தலைமுடி கொட்டுவதைப் பற்றி இருக்கும் கவலையும் பார்க்க வேண்டியவை.

இங்கே காதலைத் தடுப்பதைவிட நுட்பமான ஒன்று நடக்கிறது. பெண்ணை விரட்ட முடியாததால் அவளைத் தங்களைப்போல மாற்றப் பார்க்கிறார்கள். படிக்கத் தனி ஆசிரியர், உடை, பேச்சு, வேலைக்காரர்களிடம் நடந்துகொள்ளும் முறை. போம் கெட்டிக்காரி, வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். ஒரு கட்டத்தில் அவளே அந்த வீட்டின் அதிகாரத்தை ருசிக்கத் தொடங்குகிறாள். ஏழைப் பெண் என்றால் நல்லவள் என்ற வசதியான நம்பிக்கையை இந்தத் தொடர் உடைப்பது அங்கேதான். இன்னொரு பக்கம் செயலாளர்கள், ஆயா, சமையல் செய்பவர், ஆசிரியர் என்று அந்த வீட்டில் சம்பளம் வாங்குபவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு நாள் தங்கள் உரிமையையும் கேட்கிறார்கள். இதிலும் கில் ஹே-யோன் உண்டு, எல்லா ரகசியமும் தெரிந்த செயலாளராக. அரசியல் பார்வையில் நான்கிலும் கூர்மையானது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். காதல் கதையாகப் பார்த்தால் நான்கிலும் மெலிந்தது. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஏன் விரும்புகிறார்கள் என்பதைவிட, அந்த விருப்பம் அந்த வீட்டை என்ன செய்கிறது என்பதில்தான் தொடருக்கு அக்கறை.

சரி, எதை எடுப்பது? மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் தனியாகக் கிடைக்கும் என்றால் ‘சீக்ரெட் அஃபேர்’. முதல் இரண்டு எபிசோடில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழப்பமாக இருக்கும், பெயர்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். யார் யாரிடம் குனிகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும், மூன்றாவதிலிருந்து எல்லாம் பிடிபட்டுவிடும். வெளிச்சம் குறைவான தொடர் என்பதால் மொபைலில் பகலில் பார்ப்பது வீண். ஹெட்போன் கட்டாயம், பியானோவுக்காக.

ஆபீஸ் அரசியலில் நொந்துபோயிருப்பவர்களுக்கு ‘சம்திங் இன் த ரெயின்’ ஆறுதலாகவும் இருக்கும், கோபத்தையும் கிளப்பும். பத்தாவது எபிசோடுக்கு மேல் சலித்தால் காதல் சண்டைகளை ஓட்டிவிட்டு ஆபீஸ் காட்சிகளை மட்டும் தொடரலாம். நான் பலருக்கும் இதையே சொல்கிறேன். ஜங் ஹே-இன்னுக்காக மட்டும் வருகிறவர்கள் நேராக ‘ஒன் ஸ்பிரிங் நைட்’டுக்குப் போய்விடுங்கள், அவர் அதில்தான் நன்றாக நடித்திருக்கிறார். மகனோடு இருக்கும் காட்சிகளில் அவர் குரலே மாறுகிறது. காதல் தொடர்களே பிடிக்காது, ஆனால் பணக்காரர்கள் எப்படிப் பணக்காரர்களாகவே இருந்துவிடுகிறார்கள் என்று பார்க்கப் பிடிக்கும் என்பவர்களுக்கு ‘கிரேப்வைன்’. அதைச் ‘சீக்ரெட் அஃபேர்’ பார்த்த பிறகு பார்ப்பது நல்லது. முதலாவதில் வேலைக்காரியாக உயர்ந்தவளின் கண்ணில் பட்ட வீட்டை, இரண்டாவதில் முதலாளி, மருமகள், ஆயா என்று எல்லோர் கண் வழியாகவும் பார்க்கலாம்.

நான்கையும் முடித்தவர்களுக்கு 2024-ல் டிவிஎன் சேனலில் வந்த ‘த மிட்நைட் ரொமான்ஸ் இன் ஹாக்வான்’ மிச்சம் இருக்கிறது. டியூஷன் மையங்களுக்குப் பேர்போன தேச்சி-டோங் பகுதி, பதினான்கு வருடமாகப் பாடம் நடத்தும் ஆசிரியை, அவளிடம் படித்துப் பெரிய கம்பெனியில் சேர்ந்து, அந்த வேலையை விட்டுவிட்டு அவள் மையத்துக்கே ஆசிரியராகத் திரும்பி வரும் பழைய மாணவன். காதல் வழக்கம்போல மெதுவாகப் போகும். மதிப்பெண் வாங்கித் தருவதா, படிக்கக் கற்றுத் தருவதா என்று அவர்கள் இருவரும் வாதிடும் வகுப்பறைக் காட்சிகளுக்காகவே நான் அதை ஐந்தாவதாக வைப்பேன்.